தலை இன்னும் மேலேதான்

ஆகஸ்ட் 4

டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். யார் எழுதுகிறேன் என்று தெரிந்ததுமே இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள் என்ற பயத்தில், என்னைப் பற்றிக் கடைசி வரியில் எழுதலாமா என்று யோசித்தேன். அது கோழைத்தனம். உங்களோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருடைய இப்போதைய மனைவி நான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எட்டு மாதம் தாண்டிவிட்டது. வயிறு ஸ்டியரிங்கில் இடிப்பதால் வண்டியை இப்போதைக்கு வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை, வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. என் பிள்ளை தலைகீழாக இருக்கவேண்டிய நேரத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பிட்டம் கீழே, தலை என் விலா எலும்புக்கு அடியில். "வண்டி ஓட்டறவ பிள்ளைக்கு யூ டர்ன் அடிக்கத் தெரியலையே" என்று தெருவே சிரிக்கிறது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுகிறேன்.

இங்கே எங்கள் டாக்டர், "திரும்பலைன்னா அடுத்த மாசம் ஆரம்பத்துல ஒரு நாள் பார்த்து ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்றார். சட்டை தைக்கக் கொடுத்த மாதிரி எந்தத் தேதி வசதி என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. எனக்குத்தான் ஆபரேஷன் தியேட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே கை கால் ஓடாது. என் அம்மா ஒரு சின்ன ஆபரேஷனுக்குத்தான் உள்ளே போனார். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பிடிச்சுக்கோ, இதோ வந்துடறேன்" என்றார். வரவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தச் செருப்பை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்கேன் எடுக்கும் பெண்தான் காதோடு காதாகச் சொன்னாள்: "வெளியிலேர்ந்தே கையால திருப்பற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, பஸ்ல மூணு மணி நேரம்தான்." பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளை திரும்பவில்லை, எனக்குத்தான் வயிற்றைப் பிரட்டியது.

வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. இடுப்புக்கடியில் மூன்று தலையணை. அடிவயிற்றில் டார்ச் அடித்தால் வெளிச்சத்தைத் தேடிப் பிள்ளை தலையைக் கீழே கொண்டுவரும் என்று அத்தை சொன்னார். என் வீட்டுக்காரர் தினமும் கண்ணாடிக்கடையிலிருந்து வந்ததும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். தொலைத்த மூக்குக்கண்ணாடித் திருகாணியைத் தேடுகிற முகம்.

நான் உங்களுக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. இந்த வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் நீங்கள் போனை எடுப்பதில்லை என்று தெரியும். அதனால்தான் தபால். என்னைப் பார்க்க முடியுமா?

இப்படிக்கு,
கண்ணாடிக்கடை வீட்டிலிருந்து


ஆகஸ்ட் 8

அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. என்னை அக்கா என்று எழுதாதீர்கள். நான் ஒரே பிள்ளை. அது எனக்குப் பழகிவிட்டது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கடைசி மாதத்திலும் சில பிள்ளைகள் தாமாகவே திரும்பும். திரும்பாதவற்றை முப்பத்தாறு முப்பத்தேழு வாரத்தில் வெளியிலிருந்து கையால் தள்ளித் திருப்பிப் பார்க்கலாம். கருப்பை தளர ஊசி போட்டு, பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் தியேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு செய்கிற வேலை. மந்திரம் அல்ல. ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலிக்கும். தலைப்பிரசவம் என்றால் அதைவிடக் குறைவு. பலிக்காவிட்டால் ஆபரேஷன். அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று உங்களிடம் சொல்லமாட்டேன், உங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய பிறகு அப்படிச் சொல்வது நாகரிகமில்லை. ஆனால் நான் தினமும் பார்க்கிறேன். உள்ளே போகிறவர்கள் வெளியே வருகிறார்கள்.

டார்ச்சால் பயனில்லை, கெடுதலும் இல்லை. தலையணையும் அப்படியே. இடுப்பைத் தூக்கி வைத்தபடியே தூங்கிவிடாதீர்கள்.

உங்களை நான் பார்ப்பது சரியாக வராது. ஏன் என்று விளக்கவேண்டியதில்லை. இதே கையால் திருப்புகிறவர்கள் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். முகவரி பின்பக்கத்தில்.

நஞ்சுக்கொடி எந்தப் பக்கம் இருக்கிறது, நீர் போதுமான அளவு இருக்கிறதா, கால்கள் மடங்கியிருக்கின்றனவா நீட்டியிருக்கின்றனவா, இதையெல்லாம் ஸ்கேனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத அல்ல. அவர்கள் கேட்டால் சொல்ல.

டாக்டர்

பின்குறிப்பு: அவருக்குத் தூக்கத்தில் காலைத் தூக்கிப் போடும் பழக்கம் உண்டு. நடுவில் ஒரு தலையணை வைத்துப் படுங்கள்.


ஆகஸ்ட் 11

டாக்டருக்கு,

நல்ல கடிதம்தான். பின்குறிப்பு வரைக்கும்.

அவர் தூக்கத்தில் கால் போடுவது எனக்குத் தெரியாதா? பக்கத்தில் படுப்பவள் நான். அந்தக் காலை இத்தனை மாதமாகத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கம் போடுபவள் நான். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பாவம், எதற்கு என்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்டார்.

நீங்கள் ஆரம்பித்ததால் நானும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் நீங்கள் இல்லாத மூலை கிடையாது. சமையலறையில் எந்த டப்பா எந்தத் தட்டில் என்பது நீங்கள் வைத்த ஒழுங்கு. மாற்றி வைத்துப் பார்த்தேன், ஒரே வாரத்தில் அத்தை பழையபடி ஆக்கிவிட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் அவர் முதலில் என் நெற்றியைத் தொடுவதில்லை, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவேண்டுமா? பிள்ளை திரும்பவில்லை என்றதும் அத்தை முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பெரியவ இருந்திருந்தா இந்நேரம் ஏதாவது பண்ணியிருப்பா." நான் சின்னவளாம். எனக்கு முப்பத்தொரு வயது, பத்து டன் வண்டிக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நானும் அவரை 'அவர்' என்று எழுதுகிறேன், நீங்களும் 'அவர்' என்று எழுதுகிறீர்கள். படிக்கும்போது சுருக்கென்கிறது. ஒரே 'அவரை' இரண்டு பேர் எழுத முடியாது. நீங்கள் இனிமேல் கண்ணாடிக்கடைக்காரர் என்று எழுதுங்கள்.

நஞ்சு மேலே, முதுகுப் பக்கம். நீர் நன்றாக இருக்கிறதாம். கால்கள் இரண்டும் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கின்றன, தன் கட்டைவிரலைத் தானே சூப்பலாம் போலிருக்கிறது. நீங்கள் கொடுத்த முகவரியில் ஒருவர் வெளிநாடு போயிருக்கிறார். இன்னொருவர் இப்போது அதைச் செய்வதில்லையாம்.

இதை உங்களுக்காக எழுதவில்லை. சும்மா எழுதினேன்.

வேன்காரி


ஆகஸ்ட் 14

அம்மா,

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வாருங்கள். முதல் நாள் இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடவேண்டாம். ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். கூட ஒரு பெண் துணை வேண்டும்.

நீங்கள் வெளிப்படையாக எழுதினீர்கள், அதனால் நானும் ஒன்று சொல்லவேண்டும். என் வயிற்றில் மூன்று தடவை தங்கிவிட்டுப் போனது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் முதல் கடிதம் வந்தபோது கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். 'எட்டு மாதம் தாண்டிவிட்டது' என்ற வரியோடு மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். எனக்குப் பொறாமை இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பாதீர்கள். வருவதா வேண்டாமா என்பதை அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணாடிக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஒளித்து வரவேண்டாம்.

டாக்டர்


ஆகஸ்ட் 20

டாக்டருக்கு,

பொறாமை என்று நீங்கள் எழுதியும் நான் வந்தேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "அவ கையில போனா சரியாயிடும்" என்றார். அந்த 'அவ'வையும் விழுங்கிக்கொண்டு வந்தேன். வெறும் வயிற்றோடு பஸ்ஸில் மூன்று மணி நேரம், பக்கத்தில் எங்கள் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் விசில் அக்கா. வண்டி பின்னால் எடுக்கும்போது விசில் ஊதுவது அவர் வேலை. வழி முழுக்க எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் நினைத்திருந்த மாதிரி நீங்கள் இல்லை. உயரமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். என்னைவிடக் குட்டை. அதிலே எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், மறைக்கமாட்டேன். ஆனால் உங்கள் கை சூடாக இருந்தது. மற்ற டாக்டர்கள் கை எல்லாம் ஐஸ் மாதிரி இருக்கும். "இது தலை, இங்க கை வை" என்று என் கையைப் பிடித்து விலாவுக்கடியில் வைத்தீர்கள். அதுவரை அது எனக்கு ஒரு உருண்டை. உங்கள் கைக்கு அடியில்தான் அது தலை ஆனது.

அப்புறம் என்ன நடந்தது? ஊசி போட்டாயிற்று. மிஷினில் துடிப்பு குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைக் கீழேயும் வைத்தீர்கள். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். சடக்கென்று இரண்டு கையையும் எடுத்துவிட்டீர்கள். போய்க் கை கழுவினீர்கள். திரும்பி வந்து, "இன்னைக்கு வேணாம். போயிட்டு வா, எழுதறேன்" என்றீர்கள். பிள்ளைக்கு ஏதாவது என்றால் சொல்லியிருப்பீர்கள். நர்ஸைக் கேட்டேன், "துடிப்பெல்லாம் நல்லாதானே இருந்தது" என்று அவரே முழித்தார்.

தள்ளிப் பார்க்கக்கூட இல்லை. ஒரு தடவை கூட.

திரும்பி வரும்போது விசில் அக்கா, "அந்தம்மாவுக்கு மனசு வரல, அவ்வளவுதான். எவளுக்குத்தான் வரும்" என்றார். உங்களால் முடியாதா, அல்லது எனக்காகச் செய்ய உங்களுக்குப் பிடிக்கவில்லையா? எது என்று எழுதுங்கள்.


ஆகஸ்ட் 22

உனக்கு,

அன்றைக்கே வாய் தவறி 'நீ' வந்துவிட்டது. இனி மாற்ற வரவில்லை.

உன் துணைக்கு வந்த அம்மா சொன்னதில் பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

எத்தனையோ வயிற்றைத் தொட்டிருக்கிறேன். என் உள்ளங்கைக்கு அடியில் இருப்பது தலையா பிட்டமா என்று மட்டும்தான் பார்ப்பேன். யாருடைய தலை என்று நினைத்ததே இல்லை. அன்றைக்கு உன் பிள்ளையின் தலை என் வலது கைக்குள் வந்து அடங்கியபோது, இது அவருடைய பிள்ளையின் தலை என்று தோன்றியது. மன்னித்துக்கொள், இங்கே கண்ணாடிக்கடைக்காரர் என்று எழுத முடியவில்லை. தோன்றிய அந்த நொடியில் என் விரல்கள் இறுகின. திருப்புவதற்கான அழுத்தம் வேறு, அது எனக்குத் தெரியும். இது அது இல்லை. இது கெடுதல் செய்கிற பிடியும் இல்லை, அதை மட்டும் நீ நம்பவேண்டும். இது வைத்துக்கொள்கிற பிடி. கொடுக்க மனமில்லாத பிடி. எனக்கே எனக்காகப் பிடித்திருந்தேன்.

அப்படிப்பட்ட கையால் வயிற்றைத் தள்ளக்கூடாது. அதனால் எடுத்துவிட்டேன். உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். நர்ஸ் எதிரில், உன் முகத்தைப் பார்த்து, சொல்ல வாய் வரவில்லை.

ஊர் உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கும். அவர் என்னை விட்டுப் போகவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் இரக்கம் வந்துவிட்டது. அதைத் தாங்க முடியாமல் நான்தான் விட்டுவிடச் சொல்லிவிட்டு இந்த ஊருக்கு வந்தேன். சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைக்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி வா. எங்கள் நெட்டை டாக்டர் செய்வார். நிதானமான மனிதர், எனக்கு நிகரான கை. நான் மிஷின் பக்கம் நின்று துடிப்பை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். நான் அறையில் இருக்கவேண்டாம் என்றால் சொல், வெளியே இருக்கிறேன்.


ஆகஸ்ட் 27

அக்கா,

வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் இனிமேல் இப்படித்தான் எழுதுவேன். அன்றைக்கு நெட்டை டாக்டர் தள்ளும்போது உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. நகம் பதிந்த இடத்துக்கு மருந்து போட்டீர்களா?

இரண்டு தடவை. தலை பக்கவாட்டுக்கு வந்து, வந்து, பழைய இடத்துக்கே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பார்க்கிங் கிடைத்தவள் வண்டியை எடுப்பாளா? "போதும்மா, இதுக்கு மேல வேணாம்" என்று நெட்டை டாக்டர் சொன்னபோது உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். நீங்களே தோற்றுப்போன மாதிரி இருந்தது. உங்கள் கடிதம் படித்ததிலிருந்து உங்கள் மேல் கோபப்படலாம் என்று முயற்சி செய்துகொண்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி, உங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. நான் ஒத்துக்கொண்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அறுக்கட்டும். நீங்கள் என் தலைமாட்டில் இருப்பீர்களா? அவரை உள்ளே விடமாட்டார்களாம். விட்டாலும் அவர் மயங்கி விழுந்துவிடுவார், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.


ஆகஸ்ட் 29

தலைமாட்டில் இருப்பேன். உள்ளே போவதிலிருந்து வெளியே வருவது வரை.

இரண்டாம் தேதி வரை நீ அதைத் திருப்ப ஒன்றும் செய்யாதே. டார்ச்சையும் அணைத்துவிடச் சொல். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு. அசைவு குறைந்தால் மட்டும் உடனே யாரிடமாவது காட்டு.

மணிக்கட்டில் ஒன்றுமில்லை. நீளச் சட்டை போட்டுக்கொள்கிறேன்.


செப்டம்பர் 4

அக்கா,

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தெருவில் பாதிப் பேர் பிள்ளையைப் பார்க்க வந்து, வயிறு அப்படியே இருப்பதைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பச்சை அங்கி மாட்டி, தலையில் குல்லாய் போட்டு, தள்ளுவண்டியில் படுக்க வைத்தாயிற்று. "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்று நீங்கள் ஸ்கேன் கருவியை வைத்தீர்கள். திரையைப் பார்த்தீர்கள். மறுபடி வைத்தீர்கள். அப்புறம், "அட!" என்றீர்கள். படித்த டாக்டர், வாயைத் திறந்து, "அட!"

"தலை கீழ வந்துடுச்சு. தானாவே வந்துடுச்சு. ஏந்திரி, வீட்டுக்குப் போ."

முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வயிற்றுக்குள் யாரோ சோபாவை நகர்த்திப் போடுகிற மாதிரி இருந்தது. ஆபரேஷன் பயத்தில் வயிறு கலக்குகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்த நேரத்தில், அதுவும் கையால் தள்ளியே அசையாத பிள்ளை, தானாகத் திரும்புவது எப்போதாவது ஒன்று என்றீர்கள். அந்த ஒன்று எனக்கு வாய்த்தது. என் அம்மா போன வாசலிலிருந்து நான் நடந்தே வெளியே வந்தேன்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் உங்களிடம் பொய் எழுதிப் பழக்கமில்லை.

நீங்கள் எனக்கு முன்னால் வராந்தாவுக்குப் போய் அவரிடம் சொன்னீர்கள். நான் அங்கியை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் அவர் கேட்காமலேயே கைக்குட்டையை நீட்டினீர்கள். அவர் யார் நீட்டுவது என்று பார்க்காமலேயே வாங்கித் துடைத்தார். அப்புறம் அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நீங்கள் முடித்தீர்கள், இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அதுதான் சிரித்ததைவிட மோசம்.

நீங்கள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. எனக்கு உள்ளே தீப்பிடித்து எரிந்தது, எரிகிறது, அவ்வளவுதான். எனக்கு இவ்வளவு செய்தவரிடம் இப்படி எழுத எனக்கே கேவலமாக இருக்கிறது. வலி எடுத்தால் வந்துவிடுகிறேன் என்று சொன்னீர்கள். வராதீர்கள். இங்கேயே பெற்றுக்கொள்கிறேன்.

கைக்குட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன்.


செப்டம்பர் 7

உனக்கு,

கைக்குட்டை வந்தது. மடிப்பைத் தொட்டால் விரல் அறுபடும் போலிருக்கிறது. அவ்வளவு கோபத்தோடு நான் எதையும் இஸ்திரி போட்டதில்லை.

வலி எடுக்கும் நாள் தெரியாதே என்று, அடுத்த இரண்டு வாரத்துக்கு என் டியூட்டியை நெட்டை டாக்டரோடு மாற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். ஊரில் வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்றேன்.

வரமாட்டேன். நீ கேட்டது நியாயம். ஒன்பது வருஷம் கண்ணாடி துடைக்கத் துணி நீட்டிய கைக்கு, விவாகரத்து ஆன செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்ல ஆரம்பித்தது உன்னைப் பற்றித்தான். "இவ பிள்ளையாச்சே, கடைசி நிமிஷத்துலதான்" என்றார். "இண்டிகேட்டர் போடும்" என்றேன் நான். அது உன்னுடைய ஜோக், நீ எனக்கு முதல் வருகையில் சொன்னது. அவருக்கும் சொல்லியிருக்கிறாய். நாங்கள் சிரித்தது உன் சிரிப்பை.

இதை உன்னைச் சமாதானம் செய்ய எழுதவில்லை. உனக்கு எரிந்தது போலத்தான் எனக்கும். கதவைத் திறந்து வயிற்றோடு நீ நின்றபோது, அவர் என் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு உன்னிடம் ஓடினார். நீ அதைக் கவனிக்கவில்லை. நான்தான் குனிந்து எடுத்து உன் பையில் வைத்தேன், அவசரத்தில். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு மருத்துவ விஷயம். கடைசி மாதம் வரை உட்கார்ந்தே இருந்த பிள்ளைகளுக்குச் சில சமயம் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும். பிறந்ததும் ஒரு தடவை, ஆறு வாரத்தில் ஸ்கேனோடு ஒரு தடவை பார்க்கச் சொல். திரும்பிவிட்டதே என்று யாராவது விட்டுவிடப் போகிறார்கள், விடாதே.

நன்றாகப் பெற்றுக்கொள்.


அக்டோபர் 1

அக்கா,

பெண். மூன்று வாரம் ஆகப்போகிறது. நல்லபடியாகத்தான் பிறந்தாள், தலை முதலில், ஒரு முழு நாள் என்னைப் படுத்தி எடுத்துவிட்டு. உங்களுக்குச் செய்தி சொல்லும்படி அவரிடம் சொல்ல நினைத்தேன். அவர் சொன்னால் நீங்களும் அவரும் பேசுவீர்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு நானே எழுதலாம் என்று தினமும் நினைத்துத் தினமும் தள்ளினேன்.

பிரசவத்தில் என்ன நடந்தது என்றால், வலி தாங்க முடியாத கட்டத்தில் நான் அம்மா என்று கத்தவில்லையாம். "அந்தக் குட்டை டாக்டரக் கூப்பிடுங்க, எங்க போனாங்க" என்று கத்தினேனாம். அத்தைதான் சொன்னார். வராதே என்று எழுதியவளும் நான், எங்கே போனாய் என்று கத்தியவளும் நான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அத்தை மடியில் போட்டுக்கொண்டு, "பெரியவ பார்த்தா சந்தோஷப்படுவா" என்றார். எனக்கு எப்போதும் போல் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சுருக்குக்குப் பின்னால், ஆமாம், பார்க்கவேண்டியவர்தானே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இங்கே குழந்தை டாக்டர் காலை விரித்துப் பார்த்தபோது இடது இடுப்பில் ஒரு சின்ன 'டக்' கேட்டதாகச் சொல்கிறார். எலும்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் கேட்டே இருக்கமாட்டேன். பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து ஒரு தடவை கை வைத்துப் பாருங்கள்.

அவர் பத்து மணிக்குக் கடைக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் சாப்பிட வருவார். அதற்குள் வந்துவிட்டுப் போய்விடுங்கள். இப்படிக் கேட்பது அநியாயம் என்று தெரியும். எனக்கு அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை அக்கா. போகும் என்று காத்திருந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். அதனால், இருக்கட்டும் என்று கூப்பிடுகிறேன். வாருங்கள்.


அக்டோபர் 3

உனக்கு,

முதலில் இடுப்பு. எனக்காகக் காத்திருக்காதே, எலும்பு டாக்டரிடம் நாளைக்கே போ. பல பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தானாகவே சரியாகிவிடும். அப்படி ஆகாவிட்டாலும், இவ்வளவு சீக்கிரத்தில் கண்டுபிடித்தால் சில வாரம் கால்களை விரித்து வைக்க மெத்தென்று ஒரு பட்டை போடுவார்கள், அவ்வளவுதான். ஓடுவாள், குதிப்பாள், உன் வண்டியையும் ஓட்டுவாள். பயப்படாதே.

நான் எலும்பு டாக்டர் இல்லை. நான் கை வைத்துப் பார்த்து உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை நான் வருவது இடுப்பைப் பார்க்க அல்ல, அது உனக்கும் தெரியும். பதினொரு மணிக்கு அங்கே வந்து சேரும் பஸ்ஸில் வந்து ஒரு மணி பஸ்ஸில் போய்விடுகிறேன். கண்ணாடிக்கடைக்காரரிடம் நான் வந்துபோனதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையை என் மடியில் கொடுத்துவிட்டு, டீ போடுகிறேன் அது இது என்று நீ உள்ளே போய்விடாதே. எனக்கு எதிரிலேயே உட்கார். போதும் என்று உனக்குத் தோன்றும்போது கூச்சப்படாமல் கையை நீட்டி, "குடுங்க" என்று கேள். கேட்டால் கொடுத்துவிடுவேன். நானாகக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா